நான்காம் விமானியின் பொட்டு

"சிக்னலை வாய்விட்டுச் சொல்லுறது சிக்னலுக்காக இல்லலே..." என்று ஆரம்பிப்பார் என் பெரியப்பா. மணியாச்சிப் பக்கம் ரயில் என்ஜின் ஓட்டியவர். அதற்குப் பிறகு ஏதோ ஒன்று சொல்வார். அதுதான் மறந்துபோயிற்று, மயில்சாமி. முன்பாதி மட்டும் காதில் அப்படியே இருக்கிறது, அந்த இழுவையோடு. பின்பாதி போயே போய்விட்டது.

உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அது ஏன் ஞாபகம் வந்தது என்று கேளுங்கள். இதோ, நடுவில் மீட்டர் பலகையில் ஒட்டியிருக்கிறீர்களே, இந்தப் பொட்டு. உங்கள் வீட்டம்மாவுடையதா? நினைத்தேன். உள்ளே ஒரு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் மஞ்சளாகக் கசிகிறது பாருங்கள். எது கெட்டுப்போனால் இது எரியும்? சென்சாரா? மெக்கானிக் ஒன்றுமில்லை என்றாரா? மெக்கானிக் சொல்வார். ஒரு விளக்கு எரிகிறது என்றால் அதை அங்கே வைத்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் ஒரு காரணத்துக்காக வைத்திருக்கிறான். எடுத்துவிடுங்கள். எனக்காக. உடுமலைப்பேட்டை வரைக்கும்தானே. அந்தப் பழனி முருகன் படத்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், இறங்கும்போது திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

ம். இப்போது சரி. ஒரு கருவி சொல்வதைச் சொல்லவிட வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இதேபோல ஒரு பொட்டால்தான் எனக்கு ஒரு துரோகம் நடந்தது. சிரிக்காதீர்கள். இதே மெரூன் கலர். இதே அளவு, ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் சின்னது. இப்போது நாம் போவதும் அந்த ஆளைப் பார்க்கத்தான். விங் கமாண்டர் தாமோதரன். விமானப்படையில் டாமோ என்பார்கள். இப்போது ஓய்வு. கோமங்கலம் தாண்டி, உடுமலைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்பு, நீல கேட். போனமாதம் விசாரித்து வைத்துக்கொண்டேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு இது எதுவும் புரியாது. போர் விமானத்தில் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். வேகம், உயரம், எண்ணெய், எதிரி எங்கே, எல்லாவற்றையும் அவரே பார்க்க வேண்டும். அதற்காகக் குனிந்து குனிந்து மீட்டரைப் பார்த்தால் வெளியே பார்ப்பது யார்? ஆகவே அவர் கண்ணுக்கு நேராக ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பச்சை வெளிச்சத்தில் எண்கள் மிதக்கும். கண்ணாடி வழியாக ஆகாயமும் தெரியும், எண்களும் தெரியும். தலை குனிய வேண்டாம். அந்தக் கண்ணாடியில் எது, எங்கே, எவ்வளவு பெரிதாக, எப்போது தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள் நான். பத்தாவது வரை பாளையங்கோட்டையில் தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் படித்து, கனடாவில் பதினாறு வருஷம் இதே வேலை. மனிதனின் கவனம் எங்கே போகிறது, ஏன் போகிறது, அதுதான் என் டாக்டர் பட்டம். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பெரியப்பாவின் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் போட்டேன். பின்பாதியை நானே போட்டுக்கொண்டேன்: "நம் கவனம் சிதறாமல் இருப்பதற்காக" என்று. நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆறு வருஷம் முன்பு பெங்களூருக்குத் திரும்பி வந்தேன். நம் நாட்டு விமானம், நம் ஆட்கள், நம் கண்ணாடி என்று ஒரு ஆசை. இங்கே நான் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கண்ணாடியின் இடது கீழ் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். விமானத்தில் எந்த மூலையில் என்ன கோளாறு வந்தாலும் அது துடிக்கும். கோளாறு பெரிதாகப் பெரிதாக வேகமாகத் துடிக்கும். இருபது விளக்கு இருந்த இடத்தில் ஒரே விளக்கு. காகிதத்தில் அதற்கு ஒரு நம்பர்தான். நான் மனசுக்குள் அகல் என்று பெயர் வைத்திருந்தேன். நாலு வருஷ வேலை. தாமோதரனிடம் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

இந்த விளக்கு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று கவனித்தீர்களா? அறுபதுக்கு மேல் இருக்கும். எண்ணிப் பார்க்கிறேன். நீங்கள் ஓட்டுங்கள்.

தாமோதரன் எப்படி வந்தார் என்று சொல்லுகிறேன். கண்ணாடியைச் சோதித்துப் பார்க்க விமானப்படையிலிருந்து ஒன்பது விமானிகளை அனுப்பினார்கள். நிஜ விமானத்தில் இல்லை, சிமுலேட்டரில். ஒரு அறைக்குள் விமானத்தின் மூக்கு மட்டும் இருக்கும், எதிரே திரையில் ஓடுபாதை, மேகம், எல்லாம் ஓடும். ஒவ்வொரு தடவை இறக்கி முடித்ததும் விமானி ஒரு தாளில் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஏழு பேர் நாலு, ஐந்து என்று போட்டார்கள். ஒருத்தர் மூன்று. தாமோதரன் மட்டும் ஒன்பது. ஒவ்வொரு தாளிலும் ஒன்பது. சும்மா மார்க் மட்டும் இல்லை, ஓட்டியதும் அப்படித்தான். எல்லோரையும் விட நேர்த்தியாக இறக்கினார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். ஒன்பது பேரில் ஒருத்தனுக்காவது புரிந்ததே என்று இருந்தது. அதுவும் தமிழ் ஆள். உங்கள் ஊர்ப் பேச்சு. முதல் சனிக்கிழமையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"டாக்டரே, கண்ணாடியப் பத்தி அப்புறம் பேசலாமுங்க. மொதல்ல அரிசிம்பருப்பு ஆறீரும், உக்காருங்க."

அவர் மனைவி செல்வநாயகி. நெற்றியில் பெரிய மெரூன் பொட்டு. "அண்ணா, அவரு பேச்சுக் கேக்காதீங்க, ஆறுனாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நெய்யை ஊற்றுவார். போதும் என்றால் நிறுத்தமாட்டார். எனக்குப் பெங்களூரில் வேறு வீடு கிடையாது. பெண்டாட்டி பிள்ளை டொரண்டோவிலேயே தங்கிவிட்டார்கள், அது வேறு கதை. பத்து மாதம், சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. அந்த மேசையில் உட்கார்ந்துதான் அகலைப் பற்றிச் சொன்னேன். தாமோதரன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நல்ல பேருங்க" என்றார். அவ்வளவுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பொள்ளாச்சி வந்துவிட்டதா? ஊருக்குள் போகாமல் போய்விடலாம் அல்லவா. சரி, உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது லாரிச் சோதனை. கேளுங்கள், இதுதான் முக்கியம். பனிமூட்டத்தில் விமானத்தை இறக்குகிறார். கடைசிப் பத்து விநாடியில் ஓடுபாதையில் ஒரு எண்ணெய் லாரி வந்து நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். விமானி அதைப் பார்த்து மூக்கைத் தூக்கி மேலே போய்விட வேண்டும். இதை எதற்கு வைப்பது என்றால், கண்ணாடியில் ஒரு ஆபத்து உண்டு. உலகம் முழுக்க எங்கள் துறையில் தெரிந்த ஆபத்துதான். கண் வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கும். மனசு பச்சை எண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே திசை. அதனால் தான் பார்க்கவில்லை என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது.

ஒன்பது பேருக்கும் அகல் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் லாரி வந்தது. ஆறு பேர் நேராக லாரி மேல் இறக்கினார்கள். இரண்டு பேர் கடைசி நொடியில் தப்பித்தார்கள். தாமோதரன் மட்டும் நாலு விநாடிக்கு முன்பே பார்த்து, அலட்டிக்கொள்ளாமல் மேலே எழுந்து போனார். அவருக்கும் அகல் துடித்தது. பார்த்தீர்களா? அப்படியானால் கோளாறு அகலில் இல்லை. பழகினவனுக்கு அது உதவுகிறது, பழகாதவர்கள் தடுமாறுகிறார்கள். அறிக்கையை அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். அவர் பெயர் கிடையாது, எங்கள் விதி அது, எல்லோருக்கும் நம்பர்தான். அவர் விமானி நான்கு. அறிக்கை முழுக்க விமானி நான்கு, விமானி நான்கு என்று வரும்.

கடைசி வேலையாகக் கண்ணைப் படம் பிடிக்கிற கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். விமானியின் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கேமரா கண்ணாடியையும் பிடிக்கும். தாமோதரன் ஓட்டுகிறார். கண்ணாடியில் இடது கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கேமராவில் தூசி என்று நினைத்தேன். அடுத்த பதிவிலும் இருக்கிறது. அதற்கடுத்ததிலும். சிமுலேட்டர் அறைக்குள் போய், இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். இருக்கைப் பட்டையின் கீழே ஒட்டி வைத்திருந்தார். பசை தேய்ந்துபோன மெரூன் பொட்டு. ஓட்ட உட்காரும்போது கண்ணாடியில், முடிந்ததும் பட்டைக்கு அடியில்.

நாலு வருஷ வேலையை, மயில்சாமி, ஒரு பொட்டால் மூடிவிட்டு ஓட்டியிருக்கிறார். மூடிவிட்டு ஒன்பது மார்க். மூடிவிட்டு "நல்ல பேருங்க".

அந்தச் சனிக்கிழமை பொட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

செல்வநாயகிதான் முதலில் பார்த்தார். "அட, என்ற பொட்டு! எங்கீங்கண்ணா கெடச்சுது?" என்று சிரித்தார். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

தாமோதரன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இடது கைக்காரர் அவர். இடது கையால் அந்த உறையை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"டாக்டரே, நீங்க கேமரா மாட்டறதுக்கு முன்னாடி, மொத வாரம், பழகிப் பாக்கறதுக்குன்னு ஓட்டுனனுங்க. லாரி மேல ஏத்திப்போட்டேன். நேரா. அப்புறம் திரும்பப் போட்டுக் காட்டுனாங்க. லாரில ஏறற ஏணி வரைக்கும் தெரியுதுங்க. நான் பாக்கவே இல்ல."

"கவனிக்கவில்லை என்று சொல்லுங்கள்."

"கண்ணத் தொறந்துட்டுத்தான் இருந்தேன். அந்தக் கொசு அடிச்சுட்டே இருந்துது. அது எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு இருந்தேன். ரெண்டாயிரத்து அறுநூறு மணி நேரம் ஓட்டிருக்கறனுங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு எறங்கல. இவளக் கேளுங்க."

"கொசுவா?"

"பசங்க எல்லாரும் மச்சர்னுதானுங்க சொல்றாங்க. இந்தில. கொசு."

என் அகலை ஒன்பது பேரும் முதுகுக்குப் பின்னால் கொசு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

"அப்படியானால் ஒன்பது மார்க் எதற்கு?" என்றேன்.

"மீதியெல்லாம் அத்தன நல்லா இருக்குதுங்க, பொய்யில்ல. அது ஒண்ணு மட்டும் வேண்டாம். அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதப் பத்திப் பேசறப்ப உங்க மூஞ்சி கொழந்த மூஞ்சி மாதிரி ஆயிருதுங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வாரம் குடுங்க. கமிட்டில நானே சொல்லீர்றேன். லாரி மேல ஏத்துனதையும் சேத்துச் சொல்லீர்றேன். ஆனா நானா சொன்னதா இருக்கட்டும். நீங்க புடிச்சதா இருந்தா வேற மாதிரி ஆயிரும். அடுத்த மாசம் ஸ்குவாட்ரன் தலைமைக்கு என்ற பேரு போகுதுங்க."

சரி என்றேன்.

ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் சொன்ன சரி அது. செல்வநாயகி நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் யார்தான் வேறு சொல்வார்கள்? ஆனால் திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்து யோசித்தால் அது வேறு. அவர் முதலில் கமிட்டியில் சொன்னால் என் அகல் கொசுவாகிவிடும். நான் முதலில் சொன்னால் அது ஒரு விதிமீறல். அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே எழுதினேன். சோதனைக் கருவியில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது, விமானி நான்கின் முடிவுகளைச் சேர்க்கக் கூடாது, மற்றவர்களின் நேர்மையும் சந்தேகத்துக்குரியது, புது ஆட்களை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். பெயர் போடவே இல்லை. எந்த இடத்திலும் போடவில்லை. இடது கைக்காரர் என்று மட்டும் எழுதினேன், ஏனென்றால் பொட்டு ஒட்டிய கோணத்தை விளக்க வேண்டியிருந்தது. அது தொழில்நுட்பத் தகவல்.

ஒன்பது பேரில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சரி, தெரியும். ஆனால் அதற்காகவா எழுதினேன்?

துரோகம் எங்கே என்று கேட்பீர்கள். இதோ வருகிறேன். விசாரணைக் கமிட்டியில் பதினோரு பேர். அவரைக் கூப்பிட்டார்கள். நான் நினைத்தேன், நம் ஆள், பத்து மாதம் சேர்ந்து சாப்பிட்டவர், வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடுவார் என்று. பதினோரு பேர் முன்னால், எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, அது கொசு என்றார். லாரி மேல் ஏற்றியதைச் சொன்னார். பொட்டு ஒட்டியதைச் சொன்னார். "இதை நிஜ விமானத்தில் வைத்தால் ஒருநாள் ஒருத்தன் இறங்கமாட்டான்" என்றார். சிரிப்பதற்கென்றே இருந்த ஒருவர் கொசு என்றதும் சிரித்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மாதச் சாப்பாட்டையும் அந்த ஒரு வார்த்தையில் கொட்டிவிட்டார்.

மீதிக் கண்ணாடி தான் ஓட்டியதிலேயே சிறந்தது என்றும் சொன்னார். அது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. அதை யார் கவனித்தார்கள்.

பிறகு நடந்தது என் கையில் இல்லை. ஸ்குவாட்ரன் தலைமை, அதாவது ஒரு விமான அணிக்கே தலைவர் பதவி, வேறு ஒருவருக்குப் போயிற்று. கருவியில் கைவைத்தவர் என்று கோப்பில் ஒரு வரி. ஆறு மாதத்தில் ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டு தோப்புக்கு வந்துவிட்டார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. செல்வநாயகி மட்டும், அவர்கள் கிளம்புவதற்கு முன்பு, ஒருநாள் ஆபீஸ் லிஃப்டில் எதிரே வந்தார். நெற்றியில் சின்னதாக ஒரு சாந்துப் புள்ளி. ஸ்டிக்கரை விட்டுவிட்டார் போலிருக்கிறது.

இந்த விளக்கு எழுபத்திரண்டு தடவை சிமிட்டுகிறது. எண்ணிவிட்டேன். நாடித்துடிப்பு. அகலுக்கும் நான் ஆரம்ப வேகம் எழுபத்திரண்டுதான் வைத்திருந்தேன். எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

இப்போது எதற்குப் போகிறேன் என்றால், அவருடைய ஆட்சேபம் இன்னும் பதிவில் நிற்கிறது. "விமானி நான்கின் ஆட்சேபம்: முடிக்கப்படவில்லை." அது முடியாமல் அகலுக்குச் சான்று கொடுக்க முடியாது. திங்கட்கிழமை நான் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த மாதம் நிஜ விமானத்தில் ஏறிவிடும். ஆகவே பைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. "என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்." அவர் கையெழுத்துப் போட்டால் போதும். பதிலுக்கு அந்தக் கைவைத்தவர் என்ற வரியை எடுக்கச் சொல்லி நாங்கள் எழுதுவோம். அவருக்கும் நல்லதுதானே. நான் பழசை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

மறுசோதனையா? அது பிரமாதமாக முடிந்தது. புது விமானிகள் ஒன்பது பேர், எல்லாம் முப்பது வயதுக்குள். இந்தத் தடவை கண்ணாடிக்கு மேல் உறை போட்டு, உள்ளே போகும்போது ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்பினோம். ஒன்பது பேரும் ஒன்பது மார்க் போட்டார்கள். ஒருத்தர் கூட எட்டுப் போடவில்லை, மயில்சாமி. ஒருத்தர் கூடப் பத்தும் போடவில்லை.

என்ன கேட்டீர்கள்? லாரியை எத்தனை பேர் பார்த்தார்களா?

லாரிச் சோதனை இந்தத் தடவை கிடையாது. அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்துவிட்டேன். அது ஆளின் கண்ணைச் சோதிக்கிறதே தவிரக் கருவியைச் சோதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ரோட்டைப் பாருங்கள். எல்லோரும் ஒரே மார்க் போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அல்லது, ஒன்பது போட்டுவிட்டால் வம்பில்லை என்று விமானிகளுக்குள் ஒரு—

அய்யோ! என்ன, என்ன ஆச்சு?

டிராக்டரா? எங்கே? இது எங்கிருந்து வந்தது?

இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் போட்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிதான் கீழே விழுந்துவிட்டது. இருங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு பெரிய டிராக்டர். பின்னால் தேங்காய் மலை மாதிரி. தோப்புக்குள்ளிருந்து திரும்பியதா? அந்தப் புளியமரத்தைத் தாண்டும்போதே தெரிந்திருக்க வேண்டுமே? டிராக்டர்காரர் ஹாரன் அடித்தாரா? இரண்டு தடவையா? எனக்குக் கேட்கவே இல்லையே. நான் முன்னால்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மயில்சாமி. உங்களுக்கே தெரியும்.

அந்த ஆள் திட்டிவிட்டுப் போகட்டும், விடுங்கள்.

ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். பிரேக் ஏன் அவ்வளவு தாமதமாக அடித்தீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை. கேட்கிறேன். சொல்லுங்கள்.

என்னது?

"அந்த லைட்டு ஓயாம கண்ணுல குத்துதுங்க. பொள்ளாச்சிலயே சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க, இதையே பேசிட்டு வர்றீங்க. சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு இருந்துட்டனுங்க."

பொள்ளாச்சியிலிருந்தா?

ஒட்டுங்கள். பொட்டை எடுத்துத் திரும்ப அங்கேயே ஒட்டுங்கள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம்.

கொஞ்ச நேரம் இப்படியே நிற்கலாமா. வெயில்தான், பரவாயில்லை.

"சிக்னலை வாய்விட்டுச் சொல்லுறது சிக்னலுக்காக இல்லலே. சிக்னல்தான் எனக்கே தெரியுதே. கூட நிக்கிறவன் வாயை மூடிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்." இதுதான். இப்படித்தான் சொல்வார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வார். என் ஆய்வேட்டில் வேறு என்னவோ போட்டுவிட்டேன்.

போகலாம், எடுங்கள்.

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினோரு பேர் முன்னால் அவர் என்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தனியாகத்தான் முதலில் சொன்னார் என்பீர்கள். அதையும் நானேதான் உங்களிடம் சொன்னேன், மறுக்கவில்லை. ஆனாலும் கொசு என்ற வார்த்தை. என் முகத்துக்கு நேரே. அது துரோகம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதோ நீல கேட். மெதுவாகப் போங்கள். வாசலில் ஓலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இளைத்துவிட்டார். வண்டியைப் பார்க்கிறார். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்க்கிறார் பாருங்கள். இடது கை. எழுந்திருக்கிறார். என்னைத் தெரிந்துவிட்டதோ?

நிறுத்தாதீர்கள். நேராகப் போங்கள். போங்கள்.

அந்த டீக்கடை முன்னால் நிறுத்தினால் போதும். உங்களிடம் பேனா இருக்கிறதா? டிரிப் ஷீட் எழுதுகிற பேனாவே போதும். கடிதம் மடங்கிவிட்டது, மடியில் வைத்தே எழுதிக்கொள்கிறேன். இல்லை, எனக்கு டீ வேண்டாம், நீங்கள் குடியுங்கள்.

முதல் வரியை அடித்துவிட்டேன். கீழே எழுதியதைப் படிக்கிறேன், சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். "விமானி நான்கின் ஆட்சேபம் சரியானது. அவர் விதியை மீறியது இந்தக் கட்டம் செய்த தவறால். லாரிச் சோதனையை நீக்கியது நான். மறுசோதனைக்கு வந்த ஒன்பது பேரையும் திரும்ப அழைத்து அந்தச் சோதனையை நடத்த வேண்டும். இந்தக் கட்டத்துக்கு நான் சான்று தரவில்லை." கையெழுத்து, ஞானதுரை. தேதி போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை இதைக் கொடுக்கிறேன்.